ஒரு டன்னுக்கு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குத்
தாள் என்றால் ஆகாது.
அந்த ஜெர்மன் நகல்களின் மேல்
உடைந்த பிஸ்டன் ஒன்றைத் தூக்கி வைத்திருந்தேன்.

பொறிஞ்சு முதலாளி எர்ணாகுளத்தில் ஏலம் எடுத்த கட்டு.
கப்பல் கம்பெனிக் கணக்குகளுக்கு நடுவே
நூற்றுப் பதினோரு பக்கம்,
யுத்தகால ஆலை ஒன்றின் அறிக்கை.
"படி, இதில் பணம் இருக்கு."
மலையாளத்தில் சொன்னார்,
தமிழில் கேட்டுக்கொண்டேன்.
கஞ்சிக்கோடு, எண்பத்து நாலு, மார்ச்.

வாளையாறு செக்போஸ்டில் லாரிகள்
விடிய விடிய உறுமிக்கொண்டு நிற்கும்.
காலையில் நாச்சிமுத்து டிப்ஸ்டிக்கை உருவி
என் மூக்குக்கு நேரே நீட்டுவார்:
"எண்ணெயா இது? ரசம்."
எங்கள் எண்ணெய்தான்.

அவர்களுக்கு நேர் எதிரான தொல்லை.
ருஷ்யப் பனியில் எண்ணெய் மெழுகாய் இறுகி
டாங்கிகளின் வயிற்றுக்குக் கீழே
நெருப்பு மூட்டினார்களாம்.
அதனால் எண்ணெயை மண்ணில் தேடாமல்
மூலக்கூறு மூலக்கூறாய்க் கட்டப் பார்த்தார்கள்.
உறையாததுதான் இளகாததும்;
எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி.
மற்றதையும் படித்தேன்.
நிலக்கரியை ஹைட்ரஜனோடு பூட்டிவைத்துப் பெட்ரோல்.
நிலக்கரியில் சோப்பு.
நிலக்கரியில் வெண்ணெய்.
வெண்ணெய் என்ற இடத்தில் எழுந்துபோய்
மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தேன்.
மோர் மோராகவே இருந்தது.
அதை முதலில் யார் தின்று பார்த்திருப்பார்கள் என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில்
பதினெட்டு ரூபாய்க்கு வேதியியல் அகராதி.
நாளைக்கு இரண்டு பக்கம் நகரும்.
ஜெர்மன் சொல் ஒவ்வொன்றும் கூட்ஸ் வண்டி,
பெட்டி பெட்டியாய்க் கழற்றினால்தான்
எதில் எஸ்டர், எதில் வெப்பம் என்று தெரியும்.
ஒருநாள் யானைகள் தண்டவாளம் கடக்க
நிஜக் கூட்ஸ் வண்டியும் வெளியே நின்றது.
இரண்டையும் விட்டுவிட்டு யானை பார்த்தேன்.

எழுபத்து மூன்றாம் பக்கம், அட்டவணை.
ஒரு டன் எண்ணெய்க்கு
நிலக்கரி இவ்வளவு, நீராவி இவ்வளவு, மின்சாரம்,
அலுமினியம் குளோரைடு புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சுத்தமாய்.
வேலை மணி: சொந்த ஆட்கள், பதினாறு.
அடுத்த வரியில் ஒரு சொல், நாற்பத்தொன்று.
அகராதியில் சொல் இல்லை.
அதன் முன்பாதியைப் போல ஒன்று இருந்தது:
ஒட்டுதல், பற்றிக்கொள்ளுதல்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
பசை, நாற்பத்தொரு மணி.
மணிக்கணக்கில் பசையா?
கேள்விக்குறி போட்டு மேலே போனேன்.

முதலாளியின் மைத்துனி த்ரேஸ்யாம்மா
கொலோனில் பத்து வருஷம் நர்ஸ்.
ஈஸ்டருக்கு வந்தவரிடம் தாளை நீட்டினேன்.
கண்ணாடியை மாட்டினார், கழற்றினார்.
"தடவுகார்."
என் தமிழ்க் காதுக்கு
எண்ணெய் தடவுகிற ஆட்கள்.
தலையாட்டினேன்.
"அல்ல மோளே"
என்று இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினார்.
கைதிகள்.

நாற்பத்தொரு மணி ஒருவரா,
ஒவ்வொரு மணிக்கும் ஒருவரா,
பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்னால் குழாய் விட்டங்களின் பட்டியல்.

கலவை பலித்தது.
ஜூனில் முதல் பீப்பாய்கள் கேட்டைத் தாண்டின.
நாச்சிமுத்து விரலால் தொட்டு
கட்டைவிரலில் தேய்த்து
"இப்பத்தான் எண்ணெய்" என்றார்.
எனக்கு நூற்றைம்பது ரூபாய் கூட வந்தது.
வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாதக் கடைசியில் உற்பத்திச் செலவுப் படிவம்.
ஒரு டன்னுக்கு: மூல எண்ணெய், மின்சாரம், கூலி மணி.
கூலிக் கட்டத்தில் பேனா நின்றது.
வேசு, பாப்பாத்தி, சின்ன அந்தோணி, கிட்டான்
என்று எழுதினேன்,
கட்டம் போதாமல் ஓரத்திலும்.
ஆபீசிலிருந்து சிவப்புக் கோடு போட்டுத் திரும்பியது:
பெயர் வேண்டாம், மணி போதும்.

மணி போட்டு அனுப்பினேன்.