மதி

வலது காலைத்தான் காட்டினேன்.
அவர்கள் இடது பக்கத் தலையைப் படமெடுத்தார்கள்.
புனலூர் ஆஸ்பத்திரி. வெளியே
வைக்கோல் லோடு இறக்காமல் நனைந்துகொண்டிருந்தது.

தென்மலை இறக்கத்தில் பிரேக்கைத் தேடினேன்.
பிரேக் இருந்தது. கால் இல்லை.
கை மட்டும் சொன்ன சொல் கேட்டது,
கைபிரேக்கை இழுத்தேன்.
தாசையா குதித்துக் கல் வைத்தான்.

"வகிடு எடுக்கிறோமே, அதுக்கு நேர் உள்ளே
ரெண்டு பாதி மூளைக்கும் நடுவிலே ஒரு பள்ளம்.
கையும் முகமும் வெளிச்சரிவிலே இருக்கு.
கால் மட்டும் பள்ளத்துச் சுவரிலே.
அடியிலே பாதம், விரல்."
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
டாக்டர் கோடு போட்டார்.
பார்த்த இடம்போல் இருந்தது.
புளியரை எஸ் வளைவில் ராத்திரி ரெண்டு மணிக்கு
எதிர்ச்சரிவு விளக்குகளை எண்ணியபடி
இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கியவன் நான்.

இடச்சுவர் சொன்னால் வலது கால் தூக்கும்,
வலச்சுவர் சொன்னால் இடது.
பிடரிக்கு உள்ளே ஒரு செக்போஸ்ட்.
உத்தரவெல்லாம் அங்கே பக்கம் மாறிக் கீழே இறங்கும்.
பத்தில் ஒன்று மாறாதாம்,
ஐம்பத்தாறில் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தபோது
ஆரியங்காவிலேயே தங்கிவிட்ட
வாப்பாவின் தம்பி மாதிரி.

அங்கே மழை என்றால் எங்களுக்குச் சாரல் வரும்.
அதுதான் இந்த ஊரின் கணக்கு.
இப்போது இடச்சுவரில்
கடுகளவு ரத்தம் உறைந்து கிடக்கிறது,
வலது பாதம் காய்கிறது.

கிளட்ச் காலுக்கு ஒன்றுமில்லை.
கிளட்ச் மட்டும் மிதிக்கிறவனுக்கு
எந்த முதலாளி சாவி கொடுப்பான்?

திங்கள், வியாழன் ஜெஸ்னா வருவாள்.
தென்மலைக்காரி. பாதித் தமிழ்.
"முட்டு வேண்டா. பெருவிரல் மாத்திரம்.
அதை நோக்கி நினைக்கணும் சேட்டா."
நினைக்கிறேன்.
வலதை நினைத்தால் இடது பாதம்
கட்டில் காலைக் கிளட்சென்று மிதிக்கிறது.
இடதை அவள் கையால் அமுக்கிப் பிடிக்கிறாள்.
மறுபடி நினைக்கிறேன்.
பார்க் செய்த வண்டியைத் தோளால் தள்ளுவதுபோல
நெற்றியில் வேர்க்கிறது.
வேர்வை மட்டும் ரெண்டு பக்கமும் சமமாக.

ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை,
விரல் நகரவில்லை. ஆனால்
முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு அடியில்
ஒரு நரம்பு
மீன் திரும்பியதுபோல் திரும்பியது.

"மதி, மதி" என்றாள் ஜெஸ்னா.
அவள் பாஷையில் போதும், நிறுத்து.
எனக்கு அது மண்டைக்குள் இருக்கிற ஒன்றின் பெயர்.
நிறுத்தாமல் இன்னொரு தடவை நினைத்தேன்.
திரும்பியது.

சீட்டில் ஐந்துக்கு ஒன்று என்று எழுதினாள்.
தேநீர் கொண்டுவந்த பாத்துமுத்து எட்டிப் பார்த்து,
"இதுல பாஸ் மார்க்கு எத்தனை?" என்றாள்.