எண்ணிக்கை: பூஜ்யம்

இந்தக் கோபோல் நிரலுக்கு என்னைவிட வயது அதிகம்.
பணத்தோடு வரும் முப்பத்தைந்து எழுத்துக் குறிப்பைப்
பெரிய எழுத்தாக்கி,
நானூற்றுப் பன்னிரண்டு வசைகளையும்
ஒவ்வொன்றாய் அதன்மேல் நகர்த்தும்.
எண்ணிக்கை பூஜ்யமென்றால் போகலாம்.

ஆரம்பத்தில் 'கடைசித் தவணை' எல்லாம் மாட்டிக்கொண்டது.
முடிவு என்கிற நார்வேச் சொல்லின் வயிற்றுக்குள்
ஓர் ஆங்கில வசை சுருண்டு கிடந்தது.
இருபுறமும் வெற்றிடம் இருந்தால் மட்டும் பிடி என்றேன்.
சரியானது. ராண்வெய்க் கேக் வாங்கிவந்தாள்.

நேற்று கிளையிலிருந்து ஒரு கணக்கு விவரம்.
ஒரே ஆள், ஒரே பெண்ணுக்கு,
ஒரு குரோன்
ஒரு குரோன்
ஒரு குரோன்.
மார்ச் வரை வசை; நிரல் தடுத்திருக்கிறது.
பிறகு அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

'புதுத் திரைச்சீலை அழகு.'
'விளக்கு இரண்டு மணிவரை எரிந்ததே.'

ஓட்டிப் பார்த்தேன். பூஜ்யம்.
மறுபடி ஓட்டினேன்.

எதைப் பட்டியலில் சேர்ப்பது?
திரைச்சீலையையா, விளக்கையா,
அழகையா?

வாக்கியம் முடிய ஒரு முற்றுப்புள்ளி கேட்கிறது கோபோல்.
விரல் அதன்மேலேயே இருக்கிறது.
ட்ரான்ட்ஹைமில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
அவள் இப்போது
விளக்கைப் போட்டிருப்பாளா