நாற்பத்தொன்று

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க்குக்
கதவு கிடையாது.
பல்லடம் தாண்டிக் கேத்தனூர்க் காடுகளில்
உயர நிற்கும் றெக்கைகளுக்குப் படியளக்கிற காற்று,
பீளமேட்டில் எங்கள் ஆய்வறைக்கு மட்டும்
ஈரக் கையோடு வரும் ஒறம்பரை.
தொட்டதெல்லாம் மஞ்சள்.

ஈரோட்டில் மஞ்சள் என்றால் விலை கேட்பார்கள்.
எங்களிடம் மஞ்சள் என்றால்
செத்தது என்று பொருள்.

பெரோவ்ஸ்கைட்.
நாக்குக்குப் பழக ஒரு வாரம் பிடித்தது.
தபால்தலை அகலக் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கரைசல்,
தட்டு சுழலும்.
பதினெட்டாம் விநாடியில் இன்னொரு சொட்டு.
பதினேழு என்றால் திரிந்த பால்,
பத்தொன்பது என்றால் வெடித்த வயல்.
பிறகு நூறு டிகிரிச் சூட்டில்
இளமஞ்சள், பத்து எண்ணுவதற்குள் கறுத்துவிடும்.
அந்தக் கறுப்புதான் வெயில் தின்னும்.
நீலத்தைத் தான் எடுத்துக்கொண்டு
சிவப்பை அடியிலிருக்கும் சிலிக்கானுக்கு விடும்.
பங்காளிச் சண்டை இல்லாத பாகப்பிரிவினை.

நைட்ரஜன் பெட்டிக்குள் எல்லாம் நன்றாகவே இருந்தன.
"அங்க வெச்சா நான்கூட நூறு வருசம் இருப்பேன்,
வெளிய வெச்சுப் பாக்கணும்" என்றாள் முபீனா.

சோமனூரில் லோகுவின் தறிக்குடோன் கூரை கிடைத்தது.
வாடகை, மாதம் ஒருமுறை
அவர் கரண்டு பில்லை நான் விளக்க வேண்டும்.
பெரோவ்ஸ்கைட் எவ்வளவோ தேவலை.

ஆனிக் கடைசியில் நாற்பத்தெட்டுச் சில்லுகள் ஏற்றினோம்.
கீழே முப்பத்தாறு தறிகள்.
தடக்குத் தடக்கென்று தகரமே பேசும்.
பஞ்சு பறந்து வந்து
எண் ஒட்டிய சீட்டுகளின் மேல் படியும்.

"ஏனுங் மேடம், இத்தினியூண்டு கண்ணாடிக்கு
ஒரு தறி ஓடுமுங்ளா?"
"சின்ன பல்பு ஒண்ணு எரியுமுங்க."
"அப்ப கொசு படிக்கலாமுங்"
என்றுவிட்டு
ஊடை அறுந்த தறியைப் பார்க்கப் போனார் லோகு.

பதினெட்டாம் நோம்பிக்குள் பதின்மூன்று போயின.
ஆடி முடிகையில் முப்பது.
ஆவணி நடுவில் ஏணி ஏறிப் பார்த்தால்
கூரை முழுக்க மஞ்சள் காய்கிறது.
ஒன்றே ஒன்று கறுப்பு.
நாற்பத்தொன்று.

முபீனா தகரச் சூட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
மீட்டரை மூன்று தரம் வைத்தேன்.
முதல் நாள் கொடுத்ததில்
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு இன்னும் கொடுக்கிறது.
நோட்டைப் புரட்டினேன்:
அதே கரைசல், அதே விநாடி, அதே செவ்வாய்க்கிழமை.
கட்டுரைக்குத் தலைப்பு கூட யோசித்துவிட்டேன்,
இறங்கி வருவதற்குள்.

கீழே டீயை நீட்டிய லோகு
தலையைச் சொறிந்தார்.
"தப்பா நெனைக்காதீங்.
வெச்ச மறுநா மழையில
ஒண்ணுக்கு ஓரத்துல தண்ணி எறங்கறாப்ல தெரிஞ்சுதுங்.
குழாய்க்கு அடைச்ச பசை கொஞ்சம் மிச்சங் கெடந்துச்சு,
சுத்தியும் பூசி உட்டுட்டனுங்."

டீ ஆறிப்போனது.
முபீனா என்னைப் பார்க்கவேயில்லை.

அன்றிரவு எழுதினேன்:
எண் 41. கணக்கில் சேராது.
காரணம், கட்டடக்காரர் இரக்கம்.

எழுதிய பிறகும் பேனாவை மூட முடியவில்லை.
மற்ற நாற்பத்தேழின் படங்களையும்
மேசையில் பரப்பினேன்.
எல்லாம் ஓரத்திலிருந்துதான் மஞ்சளித்திருக்கின்றன.
மூன்று வருடமாய் நாங்கள்
நடுவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எட்டு வகைப் பசை,
வகைக்கு ஆறு சில்லு,
பூசாமல் பன்னிரண்டு.
ஐப்பசி மழைக்கு முன்னால் ஏற்றியாக வேண்டும்.

"இந்தத் தடவை எதையும் தொடக் கூடாதுங்க."
"செரிங்."
"மழை வந்தாலும்."

லோகு ஏணியைப் பிடித்துக்கொண்டு
பூசாத பன்னிரண்டையும் ஒருமுறை பார்த்தார்.
"பாவமுங்" என்றார்.