உறையில் ஒன்று

இரவு டியூட்டி முடிந்து
சயான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தேன்.
தாராவி, மாநகராட்சிப் பள்ளி, நான்காம் அறை.
பட்டியலில் என் பெயருக்கடியில்
ஏற்கெனவே ஒரு கோடு.

"ஹோ கயா" என்றார் அதிகாரி,
பிரசவம் முடிந்ததைச் சொல்வதுபோல.

காலை ஏழு இருபதுக்கு
நான் வந்து போயிருக்கிறேன்.
அந்நேரம் பதினோராம் வார்டில்
ஒரு பெரியவருக்கு மூத்திரப் பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா பேர்? ஆசீர்வாதம்.
வீட்டு எண்? சொன்னேன்.
அட்டை முகத்தையும் தூங்காத முகத்தையும்
மாறி மாறிப் பார்த்தார்.
கட்சி ஏஜெண்டுகள் மூன்று பேருக்கும்
அப்போதுதான் வடாபாவ் ஞாபகம் வந்தது.

நல்ல மனுஷன். கையேட்டைப் புரட்டி
மெஷினுக்குப் பதில் ஒரு தாள் தந்தார்.
பின்புறம் ஏதோ எழுதினார்.
படிவத்தில் கையெழுத்து வாங்கினார்.
அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று
முத்திரையை அழுத்தினேன்,
மெஷினில் அழுத்துவதைவிட அழுத்தமாக.
மடித்ததை உறையிலிட்டு ஒட்டினார்.

"எப்போது எண்ணுவீர்கள்?"

"எண்ணமாட்டோம்."

"அப்புறம் எதுக்கு?"

"யாராவது கேஸ் போட்டால். கோர்ட் கேட்டால்."
மைப்புட்டியை மூடிக்கொண்டே சொன்னார்.

எண்ணும் நாள்
எட்டு மணிக்குத் தபால் ஓட்டு,
எட்டரைக்கு மெஷின்கள்.
நர்ஸ் அறை டிவியில் சுற்றுக்குச் சுற்று
எண்கள் ஏறின, சுகர் ரிப்போர்ட் மாதிரி.
பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.
தோற்றவர் கும்பிட்டார், காரில் ஏறினார்.
ஒற்றை உறைக்காக யார் வக்கீல் பிடிப்பார்?
நாற்பத்தைந்து நாள் கெடுவும் போயிற்று.

தாசில்தார் ஆபீசோ, எந்த அறையோ,
அரக்கு முத்திரைக்குள்
நான் மட்டும் மடிந்து கிடக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது.
அந்த ஏழு இருபதுக்காரி
நான் குத்திய சின்னத்தையே அழுத்தியிருந்தால்?
என் ஓட்டு எண்ணப்பட்டுவிட்டது.
எனக்குத்தான் சொல்லவில்லை.
வேறு சின்னம் என்றால்
என்னை நானே தோற்கடித்திருக்கிறேன்,
ஒரு ஓட்டு வித்தியாசத்தில்.

குழாயடியில் குடம் நீட்டும் விரல்களையெல்லாம்
கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எல்லாவற்றிலும் மை.
ஸெலின் அக்கா கேட்டாள்,
"என்னடி, மோதிரம் தொலைச்சியா?"

இப்போது என் மை
நக நுனிக்கு வந்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுவேன்.

அவளுக்கும்
இதே வேகத்தில்தான் வளரும் நகம்.