தசமப் புள்ளிக்கு அப்பால்

ஷென்டன் வே, இருபத்தேழாம் மாடி, மறுகாப்பீடு.
சுமத்ராவின் நடுக்கங்களுக்கு விலை வைத்திருக்கிறேன்,
தைவான் சூறாவளிக்கு,
ஒருமுறை துவாஸில் எரிந்துபோன
ஒரு கிடங்குப் பாமாயிலுக்கு.
இன்று ஹுய் மின் அனுப்பிய கோப்பில் ஒரே வரி:
வால்நட்சத்திரம் விழுந்தால்?
வாடிக்கையாளர் கேட்கிறாராம்.
பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் ஒட்டியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
தொண்ணூற்று நான்கு ஜூலையில்
ஈசூன் கார் நிறுத்த மேல்தளத்தில்
வரிசையில் நின்றவள் நான்.
ஆறாம் மாடி பெர்னாண்டஸ், கப்பல் பட்டறை வெல்டர்,
தானே தேய்த்த கண்ணாடியில்
தொலைநோக்கி செய்திருந்தார்.
ஆளுக்கு அரை நிமிடம்.

உள்ளே பட்டாணி அளவில் வியாழன்.
குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததுபோல்
ஓரமாய்க் கறுப்பு, ஒன்று, இரண்டு,
மூன்றாவது எனக்குத் தெரிந்ததா, நினைத்துக்கொண்டேனா.
"பெரிசா இருக்கே, அதுக்குள்ள
நம்ம பூமியைப் போட்டு மூடிடலாம்."

எனக்கு முன்னால் பார்த்த பஸ் டிரைவர்
கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்:
"அங்கதானே."
வரிசைக்கே மூச்சு வந்தது.
குருப்பெயர்ச்சி அர்ச்சனைக்குச் சீட்டு எழுதியிருந்த அம்மா மட்டும்
"குருவுக்கே இந்தக் கதியா" என்றாள்.

நமக்கு வரவேண்டியதை அவன் வாங்கிக்கொள்கிறான் என்பார்கள்.
இல்லை, நம் பக்கம் தள்ளிவிடுபவனே அவன்தான்
என்பவர்களும் உண்டு.
என் மாதிரியில் இரண்டுக்கும் கட்டம் இல்லை.

நிகழ்தகவு: பல கோடி ஆண்டுக்கு ஒன்று.
இழப்பு: எல்லாம்.
அந்தக் கட்டம் எண் மட்டுமே ஏற்கும்,
ஆகவே பெரிதாய் ஒன்றைத் தட்டிப் பெருக்கினேன்.
தசமப் புள்ளி,
பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்,
கடைசிப் பெட்டியில் ஒற்றைப் பயணியாய் ஒரு மூன்று.
நாலு இடத்துக்குமேல் படிவம் ஏற்காது.
மூன்றை இறக்கிவிட்டது.

வரைபடத்தில் இந்த ஊர் ஒரே சதுரம்,
அதிலும் பாதி கடல்.
அந்தக் கடலில் கொஞ்சம்
அப்படி வந்து விழுந்த பனிதான் என்கிறார்கள்;
எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை.
அந்த அடிக்கு யாரும் பிரிமியம் கட்டவில்லை.

ஏழே முக்கால்.
நங்கூரமிட்ட கப்பல்கள் விளக்கேற்றிவிட்டன.
பேன்ட்ரியில் ஒரு குவளை தண்ணீர் பிடித்தேன்,
பாதி குடித்தேன்.
ஹுய் மின்னுக்குப் பதில்:
விலக்கு விதி பதினான்கு போதும், கட்டணம் வேண்டாம்.

அனுப்பும்முன்
அடிக்குறிப்பில் அந்த மூன்றை எழுதினேன்,
அதன் எல்லாப் பூஜ்யங்களோடும்,
யாரும் படிக்காத சின்ன எழுத்தில்.