ஆல்

மூன்றாம் செமஸ்டர் விடுமுறைக்கு வந்தேன்.
பஸ்ஸில் இன்னமும்
'பத்தாங் பெர்ஜுந்தை' என்றுதான் கூவுகிறார்கள்.
பெயர்ப்பலகையில் வேறு ஊர்.
மாற்றப்பட்டது.
யாரால் என்று கேட்டால்
சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு பதில்.

'என்னா படிக்கிற?'
பக்கத்து சீட்டில் ரோசம்மாள் அக்கா,
மடியில் இரண்டு கிலோ வெங்காயம்.
இங்கிலீஷ் என்றேன்.
'அதான் ஒனக்குத் தெரியுமே, இன்னும் என்னா இருக்கு படிக்க?'
வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம் அக்கா,
எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று.
'கோழி வெட்டுற மாதிரி.'
ஏறக்குறைய.

வகுப்பில் வாக்கியத்துக்கு மரம் வரைவோம்,
வேர் மேலே, இலை கீழே.
தோட்டத்துப் பிள்ளைக்கு மரம் சுலபம்தானே
என்றார் டாக்டர் ரொஸ்லீனா, அன்பாகத்தான்.
நான் சொல்லவில்லை:
எங்கள் பக்கம் ரப்பர் போய் இருபது வருடம்.
இப்போது நிற்பது செம்பனை.
அதற்குக் கிளையே கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி
ஆறாம் பிரிவு லயத்தில், கோயில் மண்டபத்தில்,
என்னிடம் ஒரு கடிதம் நீட்டப்பட்டது.
நீட்டியவர் லோரி ஓட்டும் பச்சையப்பன் அண்ணன்.
எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

'தி ஹவுஸஸ் ஷல் பி வெக்கேட்டட்.'

ஷல் என்றால் ஜோசியமா கட்டளையா,
அதற்கே ஒரு வாரம் பாடம் நடந்தது.
வீடுகள் காலி செய்யப்பட வேண்டும், என்றேன்.
'யாரு சொல்றா?'
போடல.
'யாரு வந்து காலி பண்ணுவா?'
அதுவும் போடல அண்ணே.
'ஆல்' வரவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி.
இதற்கொரு பெயர் உண்டு,
தேர்வில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.
அவர்கள் மொழியில் இதைச் செய்ய
'இரு' என்ற வினை போதும்.
நம் மொழியில்
'பட' வேண்டியிருக்கிறது.

'அடுத்தது வாசி.'
அடுத்தது 'வீ' என்று தொடங்கியது. வீ ரிக்ரெட்.
நின்றுவிட்டேன்.
மலாயில் எழுதியிருந்தால்
கித்தாவா காமியா என்று கை தயங்கியிருக்கும்.
தமிழில், நாமா நாங்களா.
இங்கிலீஷில் ஒரே கதவு,
உள்ளே யார் வெளியே யார்
அது சொல்லாது.

கொசுவர்த்திப் புகைக்குள் நாற்பது முகம்.
'நாம் வருந்துகிறோம்' என்று சொல்லிப் பார்த்தேன்.
'நாம எதுக்கு வருந்தணும்?'
பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்பு.
'நாங்கள் வருந்துகிறோம்.'
சிரிப்பு நின்றது.
அந்த நாங்களில்
எங்களில் ஒருவரும் இல்லை.

பதில் எழுத வேண்டும் என்றார்கள்.
ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்,
கெட்ட வார்த்தை இரண்டை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஞாயிறு முழுக்க மடிக்கணினி.
ஒரே வாக்கியம்.
எழுவாயாக எல்லாப் பெயரும், வீட்டு நம்பரோடு,
ஒன்று முதல் நாற்பது வரை.
எழுவாய் இவ்வளவு நீளலாமா?
இலக்கணம் தடுப்பதில்லை,
மூச்சுத்தான் முட்டும்.
கடைசியில் ஒரு வினை:
கேட்கிறோம்.
அதன்பின் கேள்வி, இரண்டே சொல்:
பை ஹூம்.

திரையில் பச்சைக் கோடு நெளிந்தது,
வாக்கியம் நீளம், பிரிக்கவும் என்று.
யாரைப் பிரிக்க?
பதினேழாம் நம்பரையா, பதினெட்டையா?

கோட்டை அப்படியே விட்டேன்.
ரோசம்மாள் பெயருக்கு
எஸ் ஒன்றா இரண்டா தெரியவில்லை.
கேட்டு வர
தம்பியின் மோட்டாரை எடுத்தேன்.