மினுக்கம் அடங்கும் வரை

கொழும்புக்காரி ஒருத்தி ஃபோனுக்குள் இருந்து சொன்னாள்:
பன்னிரண்டு நிமிசம் கொதிக்க விடுங்க,
ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்க,
உருண்டு வந்தால் இறக்குங்க.

அவளுடைய தண்ணீர் வேறு.
அப்புத்தளையில் பைப்பைத் திறந்தால் விரல் மரக்கும்.
அந்தக் குளிரில் எந்தப் பாகும்
அவசரமாய் உருளும்,
வெந்துவிட்டேன் என்று பொய் சொல்லும்.

முதல் தட்டில் நம்பி ஏமாந்தேன்.
விடிந்தும் இறுகவில்லை.
மூன்று நாள் பாணில் தடவித் தின்றோம்,
இஞ்சி கூடிப்போச்சு என்று கிருபாகரனும்
கூடவில்லை, உங்கள் நாக்குத்தான் என்று நானும்.
நாலாம் நாள் பாண் முடிந்தது.
பாகு முடியவில்லை.

இது இரண்டாவது.
இரண்டு டின்பால், ஒரு கிலோ சீனி,
பட்டர் என்று நாங்கள் கூப்பிடும் மாஜரின்,
ஸ்டோரில் சலிப்பு வேலை செய்யும் புஷ்பகாந்தி
பேப்பரில் மடித்துத் தந்த தூள்.
பாலில் ஊறவைத்து, பழைய சீத்தைத் துணியில் வடித்தேன்.
தேத்தண்ணி டொபி.
எல்லவில் ஒரு லொட்ஜில் கேட்டிருக்கிறார்கள்.
வெள்ளைக்காரர் வாங்குவார்களாம்.
முப்பது பெட்டி, வெள்ளிக்கிழமைக்குள்.

இந்த முறை கோப்பைத் தண்ணீரில்
கேத்தல் தண்ணீர் கொஞ்சம் கலந்து குளிரை முறித்தேன்.
முதல் சொட்டு கரைந்தது. இரண்டாவதும்.
ஆறாவது சொட்டு
விரலுக்கு நடுவில் மெத்தென்று நின்றது.

இறக்கினேன்.
இனித் தொடக்கூடாது.
சூட்டோடு கிண்டினால் பல்லில் மணல்.
தாச்சியின் அடியில் உள்ளங்கை வைத்தால்
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்க வேணும்.
அதுவரை சும்மா இருக்க வேணும்.

சும்மா இருக்கிற நேரம் பார்த்துத் தட்டினான்
லீசிங் கம்பனிப் பையன்.
தனுக. தியத்தலாவைப் பிள்ளை.
கையில் ஹெல்மெட், புருவத்தில் பனி,
பையில் எங்கள் மூன்று மாதம்.

"அக்கா, மாத்தயா இல்லையா?"
"ஹயர் போயிருக்கிறார்."
மாத்தயா உள் அறையில்,
அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில்
இருமலை விழுங்கிக்கொண்டு நின்றார்.
வாசலில் த்ரீவீலர்.
பையன் அதைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
"வரும்வரை இருக்கிறேன்" என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

இருந்தோம்.
மூன்று பேரும் ஒரு தாச்சியும்.
பதுளைக்குப் போகிற ரயில் ஊதிவிட்டுப் போனது.
யன்னலில் மலை இருந்தது, பிறகு இல்லை.

அடியில் கை வைத்தேன். சரி.
அகப்பையைப் போட்டுக் கிண்டத் தொடங்கினேன்.
நூறு சுற்றில் மணிக்கட்டு விட்டுப்போனது.
"எவ்வளவு நேரம் இப்படி?"
"மினுக்கம் அடங்கும் வரை. நிறுத்தினால் எல்லாம் வீண்."
ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான்.
கை கழுவ இடம் கேட்டான்.

சேர்ட் கையை மடித்துவிட்டு
கடன் வசூலிக்க வந்தவன் கிண்டினான்,
பல்லைக் கடித்து, நாக்கை ஓரத்தில் வைத்து,
பாகு பாரமாகிப் பாரமாகி
கறுத்த கண்ணாடியாய் மின்னிக்கொண்டிருந்து
திடீரென்று
யாரோ மூச்சு விட்ட மாதிரி மங்கியது.
"போதும், ஊத்து!" என்று நான் கத்த,
"ஊத்து!" என்று அலுமாரிப் பக்கமும் கத்தியது.

கிருபாகரன் வெளியே வந்தார்.
கதவு எதுவும் திறக்கவில்லை.
"ஹயர் முடிஞ்சதா, மாத்தயா?" என்றான் தனுக,
தட்டில் இருந்து கண் எடுக்காமல்.

வெட்டிய ஓரத்துண்டை வாயில் போட்டான்.
முதலில் இனிப்பு.
பிறகு, தொண்டைக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் துவர்ப்பு.
"இது தேத்தண்ணிதான்" என்றான்,
யாரோ இல்லை என்று வாதாடிய மாதிரி.

தங்கச்சிக்கு என்று ஒரு பெட்டி எடுத்தான்.
அறுநூறு ரூபா தந்தான்.
அதே நோட்டுகளைத் திருப்பி அவன் கையில் வைத்தேன்.
தவணைக்கு என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
பிறகு ஒழுங்காக உட்கார்ந்து ரசீது எழுதினான்,
அறுநூறு மட்டும் என்று,
மூலையில் பிசுக்குப் பெருவிரல் பதிய.

பைக் சத்தம் பள்ளத்தில் இறங்கியது.
இன்னும் இருபத்தொன்பது பெட்டி.
கிருபாகரன் ஒரு துண்டை மெல்ல மென்று,
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
கடைசியில் சொன்னார்:
"கொஞ்சம் இஞ்சி போட்டிருக்கலாம்."